பழம் மட்டும் தின்ற பதினாறு நாள்

2025 ஜூன் 5ஆம் தேதி காலை என் எடை 71 கிலோ 400 கிராம். ஜூன் 20ஆம் தேதி இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன்னால் எடை பார்த்தார்கள். 66 கிலோ 900 கிராம். 34 வருஷம் பேங்கில் கணக்கு பார்த்தவன் நான். எதற்கும் தேதி போட்டு, தொகை போட்டு எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்தப் பதினாறு நாளும் பழைய பேங்க் டைரி ஒன்றில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்.கே.பேட்டை பக்கம் மலையடிவாரத்தில் எனக்கு மூன்றரை ஏக்கர் இருக்கிறது. மா 58 மரம். அதில் பாதிக்கு மேல் கிளிமூக்கு, மீதி பங்கனப்பள்ளி, வரப்போரம் கொஞ்சம் ருமானி. மற்ற நிலத்தில் வேர்க்கடலை, கேழ்வரகு, துவரை. ஓய்வு பெற்ற மறு வருஷத்திலிருந்து ரசாயனம் எதுவும் உள்ளே விடவில்லை. கிளிமூக்கு வைக்கிறவன் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் ஜில்லாவில் இருக்கிற மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளை நம்பித்தான் வைக்கிறான். அந்தக் கோடையில் விலை எப்படி விழுந்தது என்று உங்களில் மா வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போட்டால் கையிலிருந்து போகும். மரத்தடியில் பழுத்து விழுந்து ஈ மொய்த்தது. "இவ்வளவு சாப்பாட்டை மண்ணில் போட்டுவிட்டு, கடையில் அரிசி வாங்கித் தின்கிறோமே" என்று ஒரு நாள் ராத்திரி தோன்றியது.

அந்த யோசனைக்கு விதை முன்பே விழுந்திருந்தது. பிப்ரவரியில் ஓர் இயற்கை உணவு முகாமுக்குப் போயிருந்தேன். எந்த முகாம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். பேசியவர் நல்ல பேச்சாளர். அடுப்பில்லாத வீட்டுக்கு டாக்டர் வர மாட்டார் என்றார். இருபத்தொரு நாள் பழம் மட்டும் தின்றால் உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், உப்பு கூடாது, கொட்டைப் பருப்பு கூடாது, மாத்திரையே தேவைப்படாது என்றார். கை தட்டினோம். நானும் தட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைவிட பலமாகத் தட்டியவன் என் பள்ளித் தோழன். விசைத்தறி வைத்திருக்கிறான், பத்து வருஷமாக சர்க்கரை. "வாடா, வந்து கேட்டுப் பார்" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போனவன் நான்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு எட்டு வருஷமாக பி.பி. மாத்திரை. சர்க்கரை கோட்டின் மேல் நிற்கிறது, தாண்டவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "ஏங்க, பழம் சாப்பிடுங்க, வேணாங்கல. மாத்திரையை நிறுத்தினீங்கன்னா நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன்." மாத்திரையை நிறுத்தவில்லை.

முதல் வாரம் பற்றி டைரியில் இருப்பதெல்லாம் கொண்டாட்டம். காலையில் பப்பாளி, பதினொரு மணிக்கு இளநீர், மத்தியானம் மாம்பழம் வயிறு நிறைய, சாயங்காலம் வாழைப்பழம், ராத்திரி மறுபடி மாம்பழம். வருஷக்கணக்காக இருந்த நெஞ்செரிச்சல் மூன்றாம் நாள் காணாமல் போனது. நாலு மணிக்கே விழிப்பு வந்தது. ஐந்தாம் நாள் எடை இரண்டு கிலோ குறைந்தது. 140க்கு 90 இருந்த பி.பி. 118க்கு 76 ஆனது. அந்த ஐந்தாம் நாள் காலையில் தோழனுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன். "டேய், இது நிஜம்டா. இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்குது" என்று.

அந்த இரண்டு கிலோ என்ன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் தண்ணீர். உப்பை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடும். பி.பி. இறங்குவதும் பெரிய அளவில் அதனால்தான். பொரித்ததும் புளித்ததும் இல்லாததால் வயிறு அமைதியானது. காபி இல்லாததும் ஒரு காரணம். இதெல்லாம் நல்லதுதான், பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதில் பாதி, பழம் தின்றதால் வந்ததல்ல. மற்றதை விட்டதால் வந்தது.

இரண்டாம் வாரம் டைரியின் எழுத்தே மாறிவிட்டது. எழுத்து சாய்கிறது, வரி குறைகிறது. எட்டாம் நாள்: "பசி. தின்ற அரை மணியில் பசி." ஒன்பதாம் நாள்: "பல் கூசுகிறது." பத்தாம் நாள்: "கூலி ஆள்மேல் காரணம் இல்லாமல் கோபப்பட்டேன்."

ஏன் பசிக்கிறது என்று உட்கார்ந்து கணக்கு போட்டேன், நம் தொழிலே அதுதானே. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவுப்படி, நடுத்தர உழைப்பு உழைக்கிற ஆணுக்கு நாளுக்கு 2710 கலோரி வேண்டும், புரதம் 54 கிராம் வேண்டும். நூறு கிராம் மாம்பழச் சதையில் சுமார் 60 கலோரி. அப்படியென்றால் நாலரை கிலோ சதை. தோலும் கொட்டையும் சேர்த்தால் ஆறேழு கிலோ பழம். நான் தின்றது மூன்று கிலோ. அதற்கே தாடை வலித்தது. சரி, முழுக்க ஏழு கிலோவும் தின்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் புரதம் 30 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். ஆனால் உள்ளே போகிற சர்க்கரை அரைக் கிலோவைத் தாண்டும். வாழைப்பழத்தில் போட்டுப் பார்த்தாலும் புரதக் கணக்கு இதே மாதிரிதான் வருகிறது. வரவு ஒரு பக்கம் வழிகிறது, இன்னொரு பக்கம் பாதியில் நிற்கிறது. இந்த மாதிரி ஒரு பேலன்ஸ் ஷீட்டோடு யாராவது கடன் கேட்டு வந்திருந்தால் நான் கையெழுத்து போட்டிருக்க மாட்டேன்.

என் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற அக்கா இந்தக் கணக்கை எல்லாம் போடாமலே சொல்லிவிட்டார். பதினொன்றாம் நாள் களை எடுத்துக்கொண்டே, "சார், மாட்டுக்கு மாம்பழத்த நெறைய போட்டா வயிறு உப்பிக்கும். வைக்கோலும் போட்டாதான் தாங்கும். மாட்டுக்கே அப்படின்னா உங்களுக்கு?" என்றார். நான் சிரித்தேன். மாட்டு வைத்தியம் தெரிந்த யாரைக் கேட்டாலும் அவர் சொன்னது சரி என்பார்கள். இனிப்பு அதிகமானால் இரைப்பையில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும்.

பதினாறாம் நாள். திருத்தணி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜூனிலும் அது இறங்குவதில்லை. காலை பத்து மணி இருக்கும், வாய்க்கால் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். சட்டை நனைந்து பிழிகிற அளவுக்கு வேர்வை. கண் முன்னால் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு, வரப்பின் மேல் படுத்திருக்கிறேன், அக்கா என் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார். எழுந்து நின்றதும் மறுபடி விழுந்தேன். மகளும் மருமகனும் வந்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

ரத்தத்தில் சோடியம் 126. இருக்க வேண்டியது 135க்கு மேல். பொட்டாசியம் 5.7. இருக்க வேண்டியது 5க்குக் கீழே. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், திட்டவில்லை, படம் போட்டுச் சொன்னார். பழத்தில் உப்புச்சத்து கிட்டத்தட்ட கிடையாது. வேர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கிறது. வரவே இல்லாமல் செலவு. இன்னொரு பக்கம் வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் ஏராளம். நான் சாப்பிடுகிற பி.பி. மாத்திரை டெல்மிசார்டன். அந்த வகை மாத்திரை பொட்டாசியத்தை வெளியே விடாமல் உடம்பில் நிறுத்துகிறது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், சமயத்தில் நின்றும் போகும். "மாத்திரையை நிறுத்தாம சாப்பிட்டது தப்பா டாக்டர்?" என்று கேட்டேன். "நிறுத்தியிருந்தா வேற மாதிரி வந்திருப்பீங்க. சாப்பாட்டை இவ்வளவு மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கணும் சார், அவ்வளவுதான்" என்றார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு குடித்தேன். அது மாதிரி ருசி என் ஆயுசில் கண்டதில்லை.

படுக்கையில் கிடந்த நாட்களில் 'சத்திய சோதனை'யை மறுபடி எடுத்தேன். பழ உணவு என்றால் நம் நாட்டில் எல்லோரும் முதலில் காந்தியைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள், முகாமிலும் இழுத்தார்கள். காந்தி என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, காலன்பாக் என்ற நண்பர் 1910இல் வாங்கிக் கொடுத்த 1100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. ஏறக்குறைய ஆயிரம் பழ மரங்கள் அங்கே இருந்தன. சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அதில் தமிழர்களும் தெலுங்கர்களும் உண்டு. நம் எல்லைப்புறம் மாதிரியே இரண்டு பாஷையும் புழங்கியிருக்கும். பிள்ளைகளுக்குத் தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழை வைத்துக்கொண்டு காந்தியே தமிழ்ப் பாடம் நடத்தினார். 1912இல் அவரும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். அதன் பிறகு சமைத்ததையும் விட்டுப் பழ உணவுக்குப் போனார்கள். ஏழைகளில் ஏழைக்குக் கிடைக்கிற மலிவான சாப்பாட்டில் வாழ வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

சரி, அந்தப் பழ உணவில் என்ன இருந்தது? அவரே எழுதியிருக்கிறார். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். முகாமில் இதைச் சொன்னவர் 'பழம்' என்று சொன்னார், வேர்க்கடலையையும் எண்ணெயையும் விழுங்கிவிட்டார். நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. எண்ணெயில் கொழுப்பு. பண்ணை வேலையும் செய்து ஊருக்கு நடந்தும் போய்வந்த உடம்பைத் தாங்கியதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இன்னொன்று, அவர் தன் சோதனையைப் பண்ணை முழுவதற்கும் சட்டமாக்கவில்லை. பொதுச் சமையலறையில் சோறும் பருப்பும் காய்கறியும் ரொட்டியும் நடந்துகொண்டிருந்தன.

அப்படியும் அது கடைசி வரை தாங்கவில்லை. 1918இல் குஜராத்தில் கேடா பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய முக்கிய சாப்பாடு வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். அதை அளவு மீறித் தின்று வயிறு கெட்டது. அதோடு ஒரு பண்டிகை நாளில் ருசிக்காக ஒரு கை கூடுதலாகச் சாப்பிடப்போய் சீதபேதி பிடித்தது, சாவின் வாசல் வரை போனார். கடைசியில் கஸ்தூர்பா சொல்லி ஆட்டுப்பால் குடித்தார். 1929இல் மறுபடி ஒரு முயற்சி. ராஜமுந்திரியில் இயற்கை மருத்துவம் பார்த்த சுந்தரம் கோபாலராவ் என்பவரின் வழியில் அடுப்பில்லா உணவு. முளைகட்டிய கோதுமை, பாதாம் அரைத்தது, பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன். 'யங் இந்தியா'வில் அளவு போட்டு எழுதினார். அந்த ஆகஸ்டிலேயே சீதபேதி வந்து மறுபடி ஆட்டுப்பாலுக்குப் போனார். அதையும் அதே பத்திரிகையில் எழுதினார். முகாமில் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிடுகிறவர்கள் சாட்சியத்தின் முதல் பாதியோடு அவரை அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நம் பக்கத்திலேயே பெரிய பெயர் சிவசைலம். திருநெல்வேலிச் சீமையில் கடனாநதிக் கரையோரம், நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய இராமகிருஷ்ணன் ஐயா சமைக்காத உணவைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பியவர். நம் இயக்கத்து மூத்தவர்களில் பலர் அவர் பேச்சைக் கேட்டுத்தான் இயற்கை வாழ்வுப் பக்கமே திரும்பினார்கள். அங்கேயும் பார்த்தால் வாழைப்பழத்தோடு தேங்காய் இருக்கும். தேங்காய் இல்லாத இயற்கை உணவுத் தட்டை நான் தெற்கே பார்த்ததே இல்லை. தேங்காயில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு. ஆக, பழத்தில் நீடித்து நின்றவர்கள் எல்லோரும் ஒரு கொட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். ஒருவருக்கு வேர்க்கடலை, ஒருவருக்குத் தேங்காய். நான் வேர்க்கடலைக் காட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு மாம்பழம் மட்டும் தின்றேன்! மழைக்குக் காத்திருந்த விதைக்கடலை மூட்டை திண்ணையிலேயே கிடந்தது.

கொட்டையிலும் கிடைக்காத ஒன்று வைட்டமின் பி12. செடி கொடி எதிலும் அது இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான். உடம்பு அதைக் கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும், சில வருஷம் அந்த சேமிப்பு ஓடும். அதனால்தான் மூன்று மாதம், ஆறு மாதம் பழத்தில் இருந்தவர்கள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மேடையில் சொல்ல முடிகிறது. டெபாசிட்டை எடுத்துச் செலவு செய்கிறவனுக்குக் கையில் காசு இருக்கிற மாதிரிதான் தெரியும். தீர்ந்த பிறகு கை கால் மரத்துப்போகும், ரத்தசோகை வரும், ஞாபகம் தடுமாறும். கர்ப்பிணிகளையும் வளரும் பிள்ளைகளையும் இந்தச் சோதனையில் இறக்குவது பெரிய பாவம் என்று நான் நினைக்கிறேன். பெரியவர்களாவது விழுந்தால் எழுந்திருப்போம்.

பிள்ளைகள் என்றதும் பீகார் முசாபர்பூர் நினைவுக்கு வருகிறது. லிச்சிப் பழத்துக்குப் பேர் போன ஜில்லா. கோடையில் பழம் பழுக்கிற காலத்தில் வருஷா வருஷம் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து செத்தார்கள். மூளைக்காய்ச்சல் கிருமி என்று தேடிக்கொண்டிருந்தார்கள். லிச்சியில் இருக்கிற ஒரு பொருள்தான் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக் காட்டியவர்களில் ஒருவர் நம் வேலூர் சி.எம்.சி.யில் இருந்து ஓய்வு பெற்ற நச்சுயிரியல் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான். 2014இல் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. லிச்சி தின்றுவிட்டு, ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் படுத்த பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது. லிச்சி தின்ற எல்லாப் பிள்ளைக்கும் வரவில்லை. சத்துக் குறைந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது. ராத்திரி வயிறு நிறைய சாப்பாடு கொடுத்துப் படுக்க வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். நம் மாம்பழத்திலும் வாழைப்பழத்திலும் அந்தப் பொருள் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஊரில் இரண்டு விஷயம் சேர்ந்துதான் பிள்ளைகளைக் கொண்டுபோனது. பழம் ஒன்று, பழத்துக்குப் பின்னால் சோறு இல்லாதது இன்னொன்று.

இனி என் தோழன். என் ஐந்தாம் நாள் குரல் பதிவைக் கேட்ட அன்றைக்கே அவன் தொடங்கிவிட்டான். அவன் வீட்டில் மிரட்ட ஆள் இல்லை, மனைவி தவறி நாலு வருஷம். மாத்திரையை நிறுத்தினான். நாளுக்கு ஐந்தாறு மாம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம். இயற்கைச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று முகாமில் சொன்னதை அவன் அப்படியே நம்பினான். எடை மளமளவென்று குறைந்தது. மகிழ்ச்சியாக எனக்குப் போன் செய்து சொன்னான். சர்க்கரை ஏறி உடம்பு கரைகிறது என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெட்கத்தில் பத்து நாள் தள்ளிப்போட்டேன். இருபது வயசு குறைந்தது என்று சொன்ன வாயால், விழுந்து கிடந்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பத்து நாளில் அவன் வலது காலில் செருப்பு கடித்த ஒரு கொப்புளம் புண்ணாகி, உணர்ச்சி இல்லாததால் கவனிக்காமல் விட்டு, கருத்துப்போனது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை 480. ஜூலை கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

இதை எழுதச் சொன்னவனும் அவன்தான். "என் பேரை மட்டும் போடாத. மிச்சத்த எழுது" என்றான்.

சர்க்கரை, பி.பி., சிறுநீரகம் எதற்காவது மருந்து சாப்பிடுகிறவர்கள் யாராக இருந்தாலும், உங்கள் டாக்டரிடம் கேட்காமல் மருந்தைத் தொடாதீர்கள், சாப்பாட்டையும் தலைகீழாக மாற்றாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழம் என்கிற தம்பரத்தம்பழத்தை வாயிலேயே வைக்கக் கூடாது. அதில் இருக்கிற பொருள் வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்கும். வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக இப்போது நிறையப் பேர் வைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பழத்தையே வெறுத்துவிட்டேனா என்றால் இல்லை. அந்தப் பதினாறு நாள் எனக்கு என் நிலத்தைப் பற்றி ஒரு உண்மையைக் காட்டியது. ஒன்பதாம் நாளே மாம்பழத்தைத் தவிர என் தோட்டத்தில் பறிக்க எதுவும் இல்லை. நாலு பப்பாளி மரம், அதில் இரண்டு இலை சுருண்டு, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழும் நோயில் போய்விட்டது. கொய்யா பூவில் நின்றது. சோளிங்கருக்குப் போய் வாழைப்பழமும், மினுமினுக்கிற ஆப்பிளும் வாங்கி வந்தேன். ஆறு வருஷம் பஞ்சகவ்யம் கரைத்தவன், எவனோ எங்கேயோ மருந்தடித்த பழத்தைத் தின்று 'இயற்கை உணவு' என்று டைரியில் எழுதியிருக்கிறேன்! கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை 2011இலிருந்து இருக்கிற உணவுப் பாதுகாப்பு விதி தடை செய்கிறது. எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு 2016இல் அனுமதித்தார்கள். சந்தையில் இருக்கிற பழம் எது என்று நீங்களும் நானும் எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வீட்டு மாங்காய் என்றால் வைக்கோலும் ஆவாரந்தழையும் போட்டு மூடி வைத்தால் நாலைந்து நாளில் வாசனை வந்துவிடும்.

அதனால் வருஷம் முழுக்க வீட்டுக்கு இரண்டு பழம் என்று ஒரு கணக்கு போட்டு நட ஆரம்பித்திருக்கிறேன். விற்க அல்ல, வீட்டுக்கு. இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், பாதிக்கு மேல் காசு போடாமலே இங்கே இருந்தது. பங்குனியில் கொடுக்காப்புளி, என் வேலியிலேயே இருக்கிறது, பிள்ளைகள்தான் அடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். சித்திரையில் நுங்கு. ஆனியில் ஈச்சம்பழம், ஓடைக்கரையில். ஆனி ஆடியில் நாவல். ஆவணியில் பனம்பழமும் விளாம்பழமும். புரட்டாசி ஐப்பசியில் சீத்தாப்பழம். நம் மலையெல்லாம் அது தானாக முளைத்துக் கிடக்கிறது, தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது. மலையடி ஊர்ப் பெண்கள் கூடையில் வைத்து சாலையோரம் விற்கிறார்கள். அதை ஏறக்கட்டிவிட்டு ஆப்பிள் வாங்குகிறோம். கார்த்திகை மார்கழியில் நெல்லி, கொய்யா. தையில் இலந்தை. நடுவில் விழுகிற ஓட்டையை அடைக்க வாழையும் பப்பாளியும் சப்போட்டாவும்.

வரப்போரம் பன்னிரண்டு சீத்தா விதை போட்டு ஒன்பது முளைத்தது. கிணற்று மேட்டில் இரண்டு நாவல். பப்பாளியை இந்தத் தடவை மேட்டுப்பாத்தியில், வேரில் தண்ணீர் நிற்காமல் வைத்தேன். நோய் வந்த மரத்தைப் பாவம் பார்க்காமல் உடனே பிடுங்கி எரித்தும்விட்டேன். கொய்யாவுக்குப் பழ ஈ தொல்லை பெரிய தொல்லை. இனக்கவர்ச்சிப் பொறி நாலு கட்டினேன், கீழே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினேன். பொறி பாதி, பொறுக்குவது பாதி. பொறுக்காமல் பொறி மட்டும் கட்டுகிறவர்கள் பொறியைத் திட்டிப் பயனில்லை.

இப்போது எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழோ களியோ, கூடவே ஒரு கை ஊறவைத்த வேர்க்கடலை, பருவத்துக்கு எது பழுத்ததோ அது ஒன்று. மத்தியானம் சோறு, குழம்பு, கீரை, மோர். சாயங்காலம் இன்னொரு பழம். ஊட்டச்சத்து நிறுவனம் நாளுக்கு 100 கிராம் பழம் சொல்கிறது, நாங்கள் அதற்கு மேலேயே தின்கிறோம். கடலையை நன்றாகக் காயவைத்து, பூசணம் இல்லாமல் பொறுக்கி எடுத்துத்தான் ஊறப்போட வேண்டும். கசந்தால் துப்பிவிடுங்கள். என் எடை 69ல் நிற்கிறது. நெஞ்செரிச்சல் திரும்பி வரவில்லை. காபியை விட்டதை விட்டபடியே இருக்கிறேன்.

தை மாதம் பொங்கல் கழிந்து தோழன் வந்தான். இப்போது விரலுக்கு ஏற்ற மாதிரி தைத்த தோல் செருப்பு போட்டு நடக்கிறான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையும் ஊசியும் ஒழுங்காகப் போகிறது. மாமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். என் மனைவி இரண்டு பேருக்கும் களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு கொய்யாவை நாலாக அறுத்து, அவனுக்கு இரண்டு துண்டு, எனக்கு இரண்டு துண்டு வைத்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அவன் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "மரம் உன்னுதாடா?" என்றான். ஆமாம் என்றேன். "விதை குடு. தறிக்கொட்டா பின்னாடி இடம் இருக்குது" என்று மீதித் துண்டிலிருந்து விதையை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டான். கொய்யாவை விதையில் போட்டால் தாய் மரம் மாதிரி வராது, பதியன் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.